எடைக்குக் கட்டம் இல்லை

எங்கள் படுக்கையறை ஜன்னலில் இருபத்திரண்டு கம்பிகள். காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் துடைப்பேன். ஆறு கம்பி துடைப்பதற்குள் துணி கறுத்துவிடும். மடித்து அடுத்த ஆறைத் துடைப்பேன். மொத்தம் நான்கு மடிப்பு. மறுநாளும் அதே நான்கு மடிப்புதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஏழு மாடி ஃபிளாட்டில் முதல் மாடியில் இருக்கிறோம். பின்பக்க மேட்டில் தொண்ணூற்றொரு வண்டி நிற்கும் கார் பார்க். அதற்கு ஏறும் சரிவு எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வளைகிறது. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அங்கே பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மறுபடி அழுத்தித்தான் போக வேண்டும். வீடு வாங்கும்போது அந்த வளைவை நான் கவனிக்கவில்லை. படிகளை எண்ணினேன், குழாய்களை எண்ணினேன். வளைவு ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

என் மனைவிக்கு நான்கு வருடமாக நுரையீரல் சரியில்லை. தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜன்னலை மூடினால் மூச்சு முட்டுகிறது என்பாள். திறந்தால் நான் கத்துவேன். "தொறந்தாலும் ஏசுறீங்க, மூடினாலும் ஏசுறீங்க. நான் எங்கதான் மூச்சு விடறது?" என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கும் எரிந்து விழுந்தேன்.

அந்தத் தூசிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் குடியிருந்த பள்ளிக்கூட வேன்காரரை ஆளாக்கினேன்.

அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவருக்கும் அவர் மனைவிக்கும் பிழைப்பு. அவர் ஓட்டுவார். அந்த அம்மாள் கதவருகே உட்கார்ந்து பிள்ளைகளைப் பிடித்து ஏற்றுவார். பழைய டீசல் வேன். காலையில் கிளப்பும்போது பின்னால் ஒரு கறுப்பு மூட்டையை அவிழ்த்துவிட்டது போல் புகை வரும். கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு அது. கம்பியிலும் கறுப்பு. எனக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

என்னை "சார்" என்பார், என் மனைவியை "ஆன்டி" என்பார். அவளுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது மூன்று முறை தன் வேனில் கிளினிக்குக் கொண்டுபோனவர் அவர். மூன்று முறையும் என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் எனக்கு ஒரு எரிச்சல்தான்.

மகளும் மருமகனும் நான்காம் மாடியில் இருக்கிறார்கள். போன வருடம் மகள் ஒரு பெரிய மின்சாரக் கார் வாங்கினாள். பூசை போட வேன்காரரைத்தான் கூப்பிட்டோம், இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அவர்தான் முன்னால் வருவார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய் வைத்துவிட்டு, நசுங்கியதைக் குனிந்து பார்த்தார். "சார், என் வேன் ஏறினா கொட்டையாவது மிஞ்சும். இது தோலையும் ரோட்டோட ஒட்டிருச்சு. பேட்டரி கனம் லா" என்றார். மகள் சிரித்தாள். "கனமா இருந்தா என்ன அங்கிள், துளிப் புகை கிடையாது."

எங்கள் ஃபிளாட் கமிட்டியின் சேர்மன் லண்டனில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தார். அங்கே அழுக்கான வண்டிகள் ஊருக்குள் வந்தால் தனிக்கட்டணம் கட்ட வேண்டுமாம். ஃபிளாட்டிலும் அதேபோல் செய்யலாம் என்றார். பழைய டீசல் வண்டிக்கு மாதக் கட்டணம் நான்கு பங்கு, பெட்ரோலுக்கு ஒரு பங்கு, மின்சாரக் காருக்கு ஒன்றும் இல்லை. கூடவே மின்சாரக் காருக்கு வாசலுக்குப் பக்கத்து இடம். எந்த வண்டி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, இந்த வேலைக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

பொதுப்பணி இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் சாலையோரம் உட்கார்ந்து வண்டி எண்ணியவன் நான். சுபாங்கிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை நான் நாற்காலி போடாத சந்திப்பு குறைவு. ஒரு படிவம், அதில் ஏழு கட்டங்கள்: மோட்டார் சைக்கிள், கார், வேன், சின்ன லோரி, பெரிய லோரி, பஸ், மற்றவை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு கோடு, கொள்கலன் ஏற்றிய டிரெய்லருக்கும் ஒரு கோடு. எடைக்குக் கட்டம் கிடையாது. எடை பார்ப்பது வேறு பிரிவின் வேலை. ஆனால் சாலையை உடைப்பது எண்ணிக்கையல்ல, எடை என்பது எங்கள் அலுவலகத்தில் டீ கலக்குபவருக்கும் தெரிந்த விஷயம். அத்தனை வருடத்தில் என் படிவம் ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம், ஏழு நாள், வளைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேன் பள்ளி நாட்களில் ஆறு முறை அந்த வளைவைக் கடந்தது. மற்ற வண்டிகள் பெரும்பாலும் இரண்டு முறை. என் மகளுடையது மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் நான்கு முறை. எனக்கு மனசுக்குள் ஒரு குதூகலம். ஆறு என்பது பெரிய எண்.

வேன்காரர் கடந்து போகும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து தலையை நீட்டுவார். "சார், போட்டாச்சா கோடு? ஒன்னு விட்டுப்போச்சுன்னா திரும்பி வரட்டுமா?" உள்ளே பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த அம்மாளும் சிரிப்பார். "சார் வீட்ல கறிவேப்பிலையக்கூட எண்ணித்தான் போடுவாங்களாம்" என்று ஒருநாள் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அது உண்மையும்கூட. அதனால் இன்னும் சுட்டது.

நாலாவது நாள் பேனா மூடி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது, வளைவின் ஓரத்தில் கறுப்புத் துகள்கள் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். புகைக்கரி என்றால் மை போல் அப்பும். இது அப்பவில்லை, உருண்டது. பள்ளியில் ரப்பரால் அழித்தால் தாளில் மிஞ்சுமே, அதுபோல் சின்னச் சின்னத் திரியாக உருண்டது. வீட்டுக்குள் வந்து ஜன்னல் கம்பியில் இருந்ததையும் தேய்த்துப் பார்த்தேன். அதுவும் உருண்டது.

சாலையோரத்தில் வேலை செய்தவனுக்கு இது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்த டயர்.

ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. விடுமுறை தொடங்கியதும் வேன்காரர் குடும்பத்தோடு தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனார். வேனும் போனது. மூன்று வாரம். அதைவிட நல்ல சோதனை யாருக்குக் கிடைக்கும்? காலையில் வரும் டீசல் நாற்றம் நின்றது, அதை மறைக்க மாட்டேன். புகைக்கு அவர் ஒரு பங்கு கட்டத்தான் வேண்டும். ஆனால் கம்பியில் படிந்தது குறையவில்லை. இருபத்தோரு நாளும் நான்கு மடிப்பு. மனைவியின் இருமலும் நிற்கவில்லை.

அந்த விடுமுறையில்தான் மகளின் காருக்கு டயர் மாற்ற வேண்டி வந்தது. கம்போங் மேடானில் ஒரு டயர் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி என்னிடம் காட்டினார். "அங்கிள், இந்த மாதிரி காரு எல்லாமே இப்படித்தான். கனம் ஒரு பக்கம், எடுப்பு ஒரு பக்கம். மிதிச்சவுடனே பாயுது இல்ல, அது டயரைத் தின்னுது. நமக்கு வியாபாரம் லா." பழைய டயரின் வரிகளுக்குள் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போகவில்லை. போன வருடம் அத்தனை ஆழமாக இருந்த ரப்பர் எங்கே போனது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் ஒரு பகுதியை நான்தான் தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, என் தாளில் எட்டாவதாக ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்தேன். தலைப்பில் எடை என்று எழுதினேன். தெரிந்தவர்களிடம் வண்டி எடையைக் கேட்டுக் குறித்தேன். விடுமுறை முடிந்து வந்த வேன்காரரிடமும் கேட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் வண்டியின் பதிவுக் கார்டையே கொண்டுவந்து கையில் கொடுத்தார். எடையையும், எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேனுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் நான்கு பங்கு இல்லை. சும்மா விடப்பட வேண்டிய வண்டி என்று ஒன்றுகூட இல்லை. என் மகளுடையது நிச்சயமாக இல்லை.

தாளை முதலில் மகளிடம் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று படித்தாள்.

"புகையே இல்லாத காருக்குக் கட்டணமா? அப்பா, நாளைக்கு நடந்து போறவங்க செருப்பையும் எடை போடுவீங்களா?"

"புகையைச் சொல்லலைம்மா. தூசியைச் சொல்றேன். அம்மாவுக்கு ஆகாதது அதுதான்."

"அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கிக் கொடுத்தது யாரு? அந்த வேன் அங்கிளா?"

மெஷின் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அவள் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் நான் கோபத்தில் இன்னொன்று எழுதியிருப்பேன்.

அன்று இரவு ஏழு கட்டங்களோடு வேறொரு தாளில் சுத்தமாகப் படி எடுத்தேன். எட்டுக் கட்டத் தாளை மடித்து அலமாரியில் வைத்தேன்.

கூட்டம் கீழே இருக்கும் மண்டபத்தில் நடந்தது. அறுபத்து மூன்று பேர். வேன்காரரும் மனைவியும் மூன்றாம் வரிசையில், கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல் உடுத்தி வந்திருந்தார்கள். நான்கு பங்கு என்று முடிவானால் வேனை இங்கே வைத்திருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே சாலையில் நிறுத்தி அவர் ஏற்கெனவே இரண்டு முறை பேட்டரியைப் பறிகொடுத்தவர்.

சேர்மன் ஆரம்பித்தார். "புகை விடறவங்க கட்டணும், விடாதவங்க கட்ட வேணாம். இதுல என்ன அநியாயம்?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாஸ், கறி சுடற சாத்தே கடைக்காரன்கூட இவ்ளோ புகை விடமாட்டான். அங்கேயாவது சாப்பிட எதாச்சும் கிடைக்கும்."

மண்டபம் சிரித்தது. வேன்காரரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி எழுந்து, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, உங்க மூணு பிள்ளைங்களையும் இதே வேன்லதான் ஏத்துனோம். சின்னவன் வாந்தி எடுத்தப்ப நான்தான் கழுவுனேன்."

"அதான் இப்பவும் நாறுது" என்றாள் அந்தப் பெண். மறுபடி சிரிப்பு. அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வேன்காரர் எழுந்தார். "சேர்மன், நான் ஒன்னே ஒன்னு சொல்றேன். சார் ஏழு நாள் வெயில்ல உக்காந்து எண்ணியிருக்காரு. அவருக்கு வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல. சார் என்ன சொல்றாரோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

என்னை எழுந்திருக்கச் சொன்னார்கள். தாளை விரித்து வாசித்தேன். வேன் ஆறு முறை. மற்றவை சராசரியாக இரண்டு. நான் வாசித்த எண் ஒவ்வொன்றும் உண்மை. சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

வேன்காரர் நின்றபடியே இருந்தார். என் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணிக்கை சரி சார். நான் கேக்கறது தூசி. ஆன்டிக்கு ஆகாத அந்தக் கறுப்புத் தூசி, என் வண்டியிலேருந்து வர்றதா?"

முதல் வரிசையில் என் மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டதும் நிமிர்ந்தாள்.

"ஆமாம்" என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். நாற்பத்தெட்டுக் கை. எண்ணிச் சொன்னவனும் நான்தான். வேன்காரர் சொன்னபடி கட்டுப்பட்டார். போகும்போது "தேங்க்ஸ் சார்" என்றார். கிண்டலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து கட்டணம். பிள்ளைகளின் பெற்றோரிடம் வேன் காசைக் கூட்டிக் கேட்டுப் பார்த்தார், ஏழு பேர் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். வேனைத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றப் போகிறவருக்கு விலை பேசினார். மனைவி ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் பேசிவைத்திருக்கிறார் என்று என் மனைவி சொன்னாள். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

மாதத்தின் கடைசிப் பள்ளி நாள். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு வேன்காரர் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். ஆப்பிள் வாங்கிவந்திருந்தார், ஆறு. அவள் மூக்கில் குழாயோடு நாற்காலியில் இருந்தாள். "இனி எனக்கு மூச்சு முட்டுனா யாரு தம்பி வருவா?" என்று கேட்டாள். "போன் பண்ணுங்க ஆன்டி, எங்கிருந்தாலும் வரேன்" என்றார். வேன் இல்லாமல் எதில் வருவார் என்று அவள் கேட்கவில்லை. அழுதாள். அழுததில் இருமல் வந்தது.

இருமல் அடங்கும்வரை அவளைத் தாங்கிப் பிடித்திருந்தவர் அவர்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"தம்பி, அந்தத் தூசி உங்க வண்டியோடது மட்டும் இல்ல. எல்லார் டயரும்தான். கனமான வண்டி அதிகமாத் தள்ளுது."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"இருபத்தாறு வருசமா டயர் மாத்தறேன். தேஞ்சதெல்லாம் எங்க போவும்? நீங்க வண்டி எடையைக் கேட்டப்பவே புரிஞ்சிருச்சு, சார் கண்டுபிடிச்சிட்டாருன்னு. அதனாலதான் கூட்டத்துல உங்களைச் சொல்லச் சொன்னேன். நான் சொன்னா தப்பிக்கப் பாக்கறான்னுதான் சொல்லுவாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சேர்மன் வீட்லதான் இருக்காரு சார், ஆறாம் மாடி. வேன் விக்கிற பேப்பர்ல நான் இன்னும் கையெழுத்து வைக்கல, சாயங்காலம்தான். அந்த எடை எழுதுன தாள் இருக்கில்ல? அதைக் கொண்டுவந்து காட்டுங்க. எனக்கு இலவசமா வேணாம். நியாயமா என்ன வருதோ அதைக் கட்டறேன். ஒன்னரைக்குப் பள்ளிக்கூடம் விடும். ஒன்னு பத்து வரைக்கும் கீழ வண்டியில இருப்பேன். நீங்க வந்தா சேர்ந்து மேல போவோம்."

அவர் இறங்கிப் போனார். அலமாரியைத் திறந்து தாளை எடுத்தேன். வெளியே போடும் சட்டையை மாட்டினேன். ஆறு பட்டன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போங்க" என்றாள்.

கதவு வரை ஒன்பது அடி. போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். மகள் என்ன சொல்வாள் என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அறுபத்து மூன்று பேர் முன்னால் "ஆமாம்" என்று சொன்னவன், அதைத் திருத்திக்கொண்டு சேர்மன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். முப்பத்து நான்கு வருடத்தில் திரும்பி வராத என் படிவம் அங்கே திரும்பி வரும். அதுதான். ஒரு மனிதனுடைய பிழைப்பைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

"போங்களேன், மணியாவுது" என்றாள் மனைவி. பிறகு எழப் பார்த்தாள். குழாய் இழுத்தது. உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஜன்னலுக்கு வந்தேன். வேன் வளைவுக்குக் கீழே நின்றது. அவர் மனைவி கதவுப் பக்கம் உட்கார்ந்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நான் வருவேன் என்று நினைத்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று பத்துக்கு இயந்திரத்தைக் கிளப்பினார். ஆனால் நகரவில்லை. ஒன்று பதினொன்று. பதின்மூன்று. அந்த அம்மாள் ஏதோ சொன்னார், அவர் இன்னும் கொஞ்சம் என்பது போல் கையைக் காட்டினார். ஒன்று பதினேழுக்குத்தான் வேன் வெளியே போனது.

அன்று பிள்ளைகள் ஏழு நிமிடம் கூடுதலாக வெயிலில் நின்றிருப்பார்கள்.